பளிங்கு என்று எழுதிய சீட்டு

தமிழில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. பளிங்கு. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை கற்கள் குடியிருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. வங்கியின் தரை பளிங்கு. கோயிலுக்குப் போகிறவர்கள் கழுத்தில் போடும் மணிமாலையும் பளிங்கு. மலை ஓடையில் ஓடும் தண்ணீரும் பளிங்கு. ஒரு சொல்லை இப்படி ஊர்ப் பொதுவில் அவிழ்த்து விட்டால் யாராவது ஒருவர் அடிபடத்தான் செய்வார். எங்கள் கதையில் அடிபட்டவர் அக்கா. அந்தச் சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்தவள் நான். ஆகவே என் கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது. மீதிப் பாதி யாருக்கு என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மலேசியாவின் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். குடுவை கழுவுவதும், அமிலத்தை அளந்து நீரில் கலந்து வைப்பதும், உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளுவதும் என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலமாரியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே நாற்பது கற்கள். ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளை எல்லாம் கரையான் தின்றிருந்தது. எந்தக் கல் எது என்று கண்டுபிடித்து மறுபடி சீட்டு ஒட்டு என்றார்கள். ஒட்டி முடிப்பதற்குள் கல் பித்து எனக்குப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும், அதாவது எங்கள் மாதாகோயில் பூசை முடிந்ததும், கல் தேடக் கிளம்பிவிடுவேன். வீட்டுக்காரர் ஒரே ஒரு முறை கூட வந்தார். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை கடிகாரம் பார்த்தார். அடுத்த வாரம் அவரைக் கூப்பிடவில்லை.

அவருக்குப் பதிலாக வந்தவர்தான் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பக்கத்து வீடு. ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. இருவரும் பீடோர் பக்கம் ஒரே கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்தில் பிறந்தவர்கள். கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டபோது சனங்கள் சிதறி, சிலர் கமுந்திங் தொழிற்சாலைகளுக்கும், சிலர் தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலைக்கும், நாங்கள் ஈப்போவுக்குமாக வந்து சேர்ந்தோம். தோட்டத்தில் நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் சாமி கும்பிடுகிறவர்கள். அதனால் அங்கே யாருக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை. பின்னால் இது பேச்சில் வரும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அக்காவுக்குக் கல் தெரியாது, கண் தெரியும். வெள்ளை விரிப்பில் ஒரு முடி கிடந்தால் பத்தடி தூரத்தில் இருந்து சொல்லிவிடுவார். நான் குனிந்து குனிந்து தேடுவதைப் பார்த்துவிட்டு முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்தார்.

"சூரியன முதுகுல வெச்சுக்கிட்டு நடந்தா எப்படிலா தெரியும்? மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டு நட. மின்னுறது தானா கூப்பிடும்."

அவர் சொன்னது சரி. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, தாழ்ந்த வெயிலைப் பார்த்தபடி நடந்தால் செம்மண்ணில் கிடக்கும் சிறு துண்டும் கண்ணில் படும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அக்காவின் கண்ணில் புரை விழுந்தது. இரண்டு கண்ணிலும். விரிப்பில் கறை இருப்பது தெரியாமல் மடித்து அனுப்பி, மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினார். என்னோடு வந்தால் சும்மா குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் தன் குலசாமியிடம் வேண்டிக்கொண்டார்: பார்வை திரும்பினால், இந்தக் கண் முதலில் பார்த்துப் பொறுக்கும் நல்ல கல் உனக்கு. பார்வை திரும்பியது. அடுத்து வந்த ஞாயிறே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று போனது சிம்பாங் பூலாய் பக்கம், கைவிட்டுப் போன ஒரு சுண்ணாம்புக்கல் குவாரிக்கு. காவலுக்கு இருந்தவர் எங்களுக்குத் தெரிந்தவர். வெடி வைத்துத் தள்ளிய கற்குவியலில் அக்கா ஒரு கல்லைத் தூக்கினார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நாய்ப்பல் போல மேலே கூராக, உள்ளே பார்த்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தெளிவாக. நான் அடிப்பக்கத்தில் ஆணியால் கீறினேன். கோடு விழுந்தது. கோடு விழுந்தால் அது சுண்ணாம்பு வகை, கால்சைட். தரைக்குப் போடும் மார்பிளும் இதே சரக்குதான். இது தெளிந்து வளர்ந்தது, அது நெருக்கி இறுகியது, அவ்வளவே. மணிமாலைக்கு ஆகும் குவார்ட்சாக இருந்தால் ஆணி வழுக்கிப் போயிருக்கும்.

எடுக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் நாள், இடம், பெயர் எழுதி ஒரு சீட்டு வைப்பது என் வழக்கம். கால்சைட் என்றே எழுதியிருக்கலாம். அக்கா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்; அவர் வேண்டுதல் கல்லுக்குத் தமிழில் பெயர் இருக்கட்டும் என்று எனக்கு ஒரு நல்லெண்ணம் வந்தது. மார்பிளுக்குத் தமிழ் பளிங்கு. பளிங்கு என்று எழுதினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். சாமிக்குக் கொடுக்கப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது, அது சாமி பக்கத்தில் ஒரு தட்டில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். எங்கள் மாதாகோயிலில் சிலைக்குப் பூ வைப்போம், மெழுகுவர்த்தி ஏற்றுவோம். தலையில் எதையும் ஊற்றமாட்டோம். அபிஷேகம் என்ற ஒன்று இருப்பது பிறந்ததிலிருந்து தெரியும். அன்று அது புத்தியில் வரவே இல்லை.

அக்காவின் குலசாமியான தோட்டத்துச் சாமி இப்போது ஈப்போவுக்கு வெளியே ஒரு சிறிய கோயிலில் இருக்கிறது. அங்கே அக்கா கல்லையும் சீட்டையும் சேர்த்தே கொடுத்தார். பளிங்கு என்பதைப் படித்த கோயில் தலைவர் அதை ஸ்படிகம் ஆக்கினார். ஸ்படிகம் என்றால் குவார்ட்சு. இரண்டே வாரத்தில் வாசலில் துணி விளம்பரம் தொங்கியது: அபூர்வ ஸ்படிக லிங்கம். படத்தைக் கைப்பேசியில் காட்டியபோது அக்காவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் தயங்கினேன். இருந்தாலும் சொன்னேன்.

"அக்கா, இது ஸ்படிகம் இல்ல. பளிங்கு வேற, அது வேற."

"பளிங்குன்னாலும் அதுதானலா. நீதான எழுதுன?"

பெயரில் என்ன இருக்கிறது, அவர் வேண்டுதல் நிறைவேறியதே போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை அபிஷேகத்தில் பாலுக்கும் தயிருக்கும் பிறகு எலுமிச்சைச் சாறு ஊற்றினார்கள். கல்லின் மேல் பொடிப் பொடியாக நுரை கிளம்பியது. முன்னால் நின்ற ஒருவர் சாமி மூச்சு விடுகிறது என்றார். மறு வாரம் கூட்டம் இரண்டு மடங்கு. அதற்கு மறு வாரம் ஆளுக்கு ஓர் எலுமிச்சம்பழம், அவரவர் கையாலேயே பிழியலாம் என்று அறிவித்துவிட்டார்கள். சுண்ணாம்புக் கல்லில் புளிப்புப் பட்டால் நுரைக்கும். எங்கள் பள்ளியில் இரண்டாம் படிவப் பிள்ளைகள் வருடா வருடம் செய்யும் சோதனை இது. நுரையாகப் போவது வேறு எதுவும் இல்லை, அந்தக் கல்தான். அக்காவின் வேண்டுதலை வாரா வாரம் எலுமிச்சம்பழம் பிழிந்து கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

நம்பிக்கை வைத்துப் பிழிந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் ஒருவர் இருந்தார், கோயில் தலைவர். அவரைப் பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை போனேன்.

கையில் ஒரு கால்சைட் துண்டு, ஒரு குவார்ட்சுத் துண்டு, ஓர் எலுமிச்சம்பழம். தலைவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். உட்காரச் சொல்லி, குடிக்க மைலோ கொண்டுவரச் சொன்னார். இரண்டு கல்லையும் தட்டில் வைத்துச் சாறு பிழிந்தேன். ஒன்று நுரைத்தது, மற்றது சும்மா இருந்தது.

"பாருங்கண்ணே. நுரைக்கிறது கரையுது. தண்ணி ஊத்துங்க, பூ வைங்க, எது வேணும்னாலும் செய்ங்க. புளிப்ப மட்டும் நிறுத்துங்க. அந்த அக்கா கண்ணுக்கு வேண்டிக்கிட்டுக் குடுத்த கல்லு அது."

அவர் நுரைத்த துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எத்தன நாளைக்குத் தாங்கும், டீச்சர்?"

நான் டீச்சர் இல்லை. மறுப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அறிவியல் வேறு, ஆண்டவன் வேறு என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மனிதருக்கு முழுதாகப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு கேட்கிற கேள்வி இது. எழுந்து வெளியே வரும்போது பின்னாலிருந்து சொன்னார்:

"நீங்க வேதக்காரங்க. இதெல்லாம் எங்க விசயம். மனசுல வெச்சுக்காதீங்க."

மனத்தில் வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

நான்கைந்து மாதத்தில் கல்லின் விளிம்புகள் மழுங்கின. உள்ளே தெளிவாக இருந்தது கஞ்சித் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்தில் எரிந்த கற்பூரச் சூட்டோடு குளிர்ந்த பாலை ஊற்ற, கூர்ப்பகுதி சாய்வாகப் பிளந்து விழுந்தது. கால்சைட் அப்படித்தான் பிளக்கும். அதற்குள்ளேயே பிளக்கும் திசை இருக்கிறது. ஆனால் சனங்கள் பயந்துபோனார்கள். ஏன் உடைந்தது என்று யாராவது பதில் சொல்ல வேண்டும். கோயில் வாட்ஸாப் குழுவில் தலைவர் குரல் பதிவு போட்டார். கல்லைக் கொடுத்தவர் சுத்தபத்தமாக எடுத்துக் கொடுத்தாரா என்று விசாரிக்க வேண்டும் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் மறைத்ததோடு நிற்காமல், சோறு போட்டவள் கை சரியில்லை என்றார்.

அக்கா கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். ஒருநாள் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் கடன் செலுத்துனேனா, இல்லையா? இல்லன்னா இந்தக் கண்ணு யாரோடது?"

அந்தத் தலைவரின் மேல் ஆத்திரம் வந்தது. நான் எழுதிய சீட்டை நினைத்தபோது என் மேலேயே அதைவிட அதிகமாக வந்தது. நிஜமான ஸ்படிகம் தேடலாம் அக்கா, என்றேன். உண்மையில் அதை என் மன்னிப்பாகத்தான் சொன்னேன்.

குவார்ட்சு வேண்டுமானால் சுண்ணாம்பு மலையில் பயனில்லை, கிரானைட் பக்கம் போக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த கிரானைட் நாங்கள் பிறந்த தோட்டத்துக்குப் பின்னால் இருந்தது. தித்திவங்சா மலை அங்கேதான் காலை நீட்டியிருக்கிறது. மறுநடவுக்காகச் சரிவை வெட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். காவல்காரர் கல் மட்டும்தானா என்று மலாயில் இரண்டு முறை கேட்டுவிட்டு, செம்பனைப் பழத்தைத் தொடாதீர்கள் என்று அனுப்பினார். எங்கள் வீடுகள் இருந்த இடத்தில் உரமூட்டைக் கொட்டகை. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண் முழுவதும் சரிவில் இருந்தது.

ஆறு ஞாயிறு போனோம். முதல் மூன்று வாரம் கையில் வந்ததெல்லாம் பால் வெள்ளைத் துண்டுகள். அவை கிடந்த இடத்தைப் பார்த்து மேலே மேலே ஏறினோம். மழை துண்டைக் கீழேதான் உருட்டும். எனவே தாய்ப்பாறை மேலே இருக்கும். ஏறி மூச்சு வாங்கிய இடத்தில் உட்கார்ந்து அக்கா கேட்டார், இது எப்படி மண்ணுக்குள் வந்தது என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த மலை ஒரு காலத்தில் ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு. மெல்ல ஆறி இறுகியபோது, கல்லாக மாறாமல் மிஞ்சிய கொதிநீர் வெடிப்பு வழியாக மேலே ஏறியது. அந்த நீரில் கல் கரைந்திருந்தது. எங்கள் பேராக் மாநிலத்து வெள்ளீயமும் அந்த நீரோடு வந்ததுதான். நீர் ஆற ஆற, கரைந்திருந்த கல் வெடிப்பின் இரண்டு சுவரிலும் படிந்தது. வெடிப்பு முழுக்க அடைத்துக்கொண்டால் வெள்ளைப் பட்டை. எங்காவது கொஞ்சம் இடைவெளி மிஞ்சினால், அங்கேதான் படிகம் ஆறு பக்கமும் ஒரு தலையுமாக நின்று வளரும். வளர இடம் வேண்டும், அவசரம் கூடாது.

"அப்ப இது மலையோட வேர்வைலா," என்றார் அக்கா.

பாடப்புத்தகத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

ஆறாம் வாரம் செம்மண் வெட்டில் உள்ளங்கை அகல வெள்ளைப் பட்டை ஒன்றை அக்கா பார்த்தார். அதைத் தொடர்ந்து போனால் ஓர் இடத்தில் பட்டை வயிறு பெருத்தது. அங்கே ஒரு பொந்து, நிறைய வெள்ளைக் களிமண். கிரானைட்டில் மற்றதெல்லாம் நம் மழைக்கு மக்கிக் களியாகிவிடும். குவார்ட்சு மட்டும் மக்காது. இரும்பால் குத்தினால் முனை உடையும். அதற்காகவே இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே மூங்கில் குச்சி ஒரு கட்டு வைத்திருப்போம். ஒன்றரை மணி நேரம் குச்சியால் கிளறிக் கிளறிக் களியை எடுத்தோம். கடைசியில் அக்கா இரண்டு விரலை உள்ளே விட்டார். வெளியே வந்த படிகம் பழைய கல்லின் பாதி உயரம். அடியில் பால் நிறம், மேலே போகப் போகத் தெளிவு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் பக்கவாட்டில் மேலிருந்து கீழே தடவினார்.

"குறுக்கால கோடு கோடா இருக்கு."

அது குவார்ட்சின் கையெழுத்து. நான் தண்ணீர் கொண்டுபோயிருந்த, சோயா சாஸ் வந்த கண்ணாடிக் கிச்சாப் போத்தலில் கல்லின் அடியால் ஒரு கீறல் போட்டேன். கண்ணாடியில் கோடு விழுந்தது, கல் அப்படியே இருந்தது. அக்கா சரிவிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். சீட்டில் இந்த முறை குவார்ட்சு என்றும் ஸ்படிகம் என்றும் இரண்டையும் எழுதினேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நான் வாசலோடு நின்றேன். தலைவர் கல்லை வாங்கி எல்லோருக்கும் காட்டினார். பழைய கல்லை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. பூசாரி எலுமிச்சைச் சாறு ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார். சாறு வழிந்து தட்டில் இறங்கியது. கல் முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. கைப்பேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"இதுல ஒண்ணும் இல்லையேமா," என்றார் தலைவர். "வெறும் கல்லா இருக்கு."

வாசலில் நின்ற எனக்கு, எட்டி உள்ளே போய் அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல் இருந்தது. வேதக்காரி என்பதால் அல்ல, அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டதால் நின்றேன். பேசியது அக்காதான். சத்தம் போடவில்லை. விரிப்பில் கறை இருக்கிறது என்று சொல்லும் அதே குரல்.

"ஆமாண்ணே, வெறும் கல்லுதான். அதனாலதான் நிக்குது. நான் வேண்டிக்கிட்டதக் குடுத்துட்டேன். ரெண்டு தடவ குடுத்துட்டேன். வாங்கத் தெரியலன்னா எங்கிட்ட குடுத்துருங்க."

பூசாரி தலைவரைப் பார்க்கவில்லை. ஸ்படிகத்தைத் துடைத்து, கரைந்துபோன பழைய கல்லையும் அதன் உடைந்த முனையையும் சேர்த்து ஒரு துண்டில் வைத்து அக்காவிடம் நீட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

இப்போது இரண்டும் அக்கா வீட்டுச் சாமி மேடையில் இருக்கின்றன. இரண்டுக்கும் தண்ணீர் மட்டும்தான். முன்பெல்லாம் கண் யாருடையது என்று கேட்பவர், இப்போது கேட்பதில்லை. போன மாதம் நான் அங்கே உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அடித்தது. தலைவர்.

"டீச்சர், அந்த மொதக் கல்லு கெடைச்ச எடம் எங்க? சீட்டத் தொலைச்சிட்டோம். அதே மாதிரி ஒண்ணு வேணும். கூட்டம் கொறைஞ்சு போச்சு."

எனக்குக் கோபத்தில் தமிழே மறந்துவிட்டது. அக்கா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார்.

"அண்ணே, நுரதான வேணும்? கடையில சோடா மாவு விக்குது, ஒரு பாக்கெட் வாங்கி வெச்சுக்குங்க. சாமிய விட்டுருங்க."